வைஃபை வரவில்லை என்றால் உடனே செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்வதை எப்போது நிறுத்துவீர்கள்?

விருதை_வேல்
நேற்று தேன்மொழி என்ற தங்கை ஒரு கேள்வி கேட்டிருந்தார். உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மேம்படுத்தியிருக்கிறார். மடிக்கணினியில் இருப்பது பிராட்காம் பிசிஎம்43142 வைஃபை. ரீபூட் ஆனதும் வைஃபை ஐகானே காணோம். டெர்மினலில் டிரைவரை ஏற்றும் 'சூடோ மோட்புரோப் டபிள்யூஎல்' கட்டளையைக் கொடுத்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' (சாவி நிராகரிக்கப்பட்டது) என்று வருகிறது. பிழைச் செய்தியோடு ஒருவர் கேட்பதே அபூர்வம். அதற்கு டெர்மினல்_தம்பி கொடுத்த பதில்: "பயாஸில் செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணுங்கள், இரண்டு நிமிட வேலை." கணினி தொடங்கும்போது நம்பகமான கையெழுத்து உள்ள மென்பொருளை மட்டும் ஓடவிடும் காவல்தான் செக்யூர் பூட்.

அந்தப் பெண் நம்பி அப்படியே செய்தார். வைஃபை வந்தது. அப்புறம் அதே மடிக்கணினியில் இருக்கும் விண்டோஸைத் திறந்தால், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கிறது. புராஜெக்ட் கோப்புகள் எல்லாம் அந்தப் பக்கம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்லியிருக்கிறீர்கள்.

என்ன கோளாறு என்பதை அந்தப் பிழைச் செய்தியே சொல்கிறது. பிராட்காம் டிரைவர் கெர்னலோடு (லினக்ஸின் மையக்கருவோடு) வருவதில்லை, டிகேஎம்எஸ் என்ற கருவி அதை நம் கணினியிலேயே கம்பைல் செய்து, இங்கேயே உருவாக்கிய சாவியால் கையெழுத்திடுகிறது. அந்தச் சாவியின் பொதுப்பாதி மோக் பட்டியலில் (கணினியின் உரிமையாளர் தானே பதிந்த சாவிகளின் பட்டியலில்) இல்லையென்றால் கெர்னல் அந்த மாட்யூலை, அதாவது டிரைவரை, ஏற்காது. ஆகவே 'சூடோ மோக்யூட்டில் இம்போர்ட்' கொடுத்து, வார் லிப் ஷிம்-சைன்டு மோக் கோப்புறையில் இருக்கும் மோக் டெர் கோப்பைக் காட்ட வேண்டும். எட்டு எழுத்துக்குக் குறையாமல் ஒரு கடவுச்சொல் கொடுத்து ரீபூட் செய்தால் நீலத் திரை ஒன்று வரும், பத்து விநாடிதான் நிற்கும், அதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்த வேண்டும். என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், அதே கடவுச்சொல், ரீபூட். தீர்ந்தது. செக்யூர் பூட்டைத் தொடவே வேண்டாம்.

டெர்மினல்_தம்பி
வேல் அண்ணன் எனக்காகவே தனி இழை திறந்துவிட்டார், சந்தோஷம். போன வருஷம் வேலண்ட் சண்டையில் பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

கேட்டது வைஃபை. வந்ததா? வந்தது. விண்டோஸ் மீட்பு எண் கேட்டால் செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் எண் கேட்காமலே திறக்கும். பிட்லாக்கர் பார்ப்பது அந்த நிலை மாறியதா என்பதைத்தான். ஒரு கோப்பும் எங்கேயும் போகவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். அண்ணன் அவ்வளவு பக்தியோடு பதியச் சொல்லும் அந்தச் சாவியின் ரகசியப்பாதி எங்கே இருக்கிறது? அதே கோப்புறையில், மோக் பிரைவ் என்ற பெயரில், அதே வட்டில். கணினியின் முழு அதிகாரமான ரூட் கிடைத்தவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். பூட்டும் சாவியும் ஒரே இடத்தில். இதற்குத்தான் இத்தனை நீலத் திரை.

விருதை_வேல்
எதில் வேண்டுமானாலும் போட முடியாது தம்பி, தெரிந்துகொண்டு பேசுங்கள். உபுண்டு உருவாக்கும் மோக் சாவி மாட்யூல் கையெழுத்துக்கு மட்டும் என்று சான்றிதழிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு வேறொரு பூட்லோடருக்கோ கெர்னலுக்கோ கையெழுத்துப் போட்டால், கணினி தொடங்கும்போது கையெழுத்தைச் சரிபார்க்கும் ஷிம் ஏற்காது. திரும்பவும் சொல்கிறேன், மாட்யூலுக்கு மட்டும்.

டெர்மினல்_தம்பி
மாட்யூல் கெர்னலுக்குள்தானே ஓடுகிறது? அதற்கு மேல் திருடனுக்கு என்ன வேண்டும்? கெர்னலுக்குள் வந்த பிறகு பூட்லோடர் எதற்கு? சாவி அதே வட்டில் இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லுங்கள். கெர்னலோடு முதலில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் பற்றியும் பேசுவோம். உபுண்டுவின் வழக்கமான அமைப்பில் அதை யாரும் சரிபார்ப்பதே இல்லை.

சேலத்து_மின்ட்
இவ்வளவு தலைவலி எதற்கு? லினக்ஸ் மின்ட் போடுங்கள். மேம்படுத்தும் முன்பு டைம்ஷிஃப்ட்டில் ஒரு ஸ்னாப்ஷாட், பிரச்சினை என்றால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். எங்கள் வீட்டில் அம்மா கூட மின்ட்தான்.

விருதை_வேல்
மின்ட் 22-உம் உபுண்டு 24.04-ஐ அடியாகக் கொண்டதுதான். அதே 6.8 கெர்னல், அதே ஷிம், அதே டிகேஎம்எஸ். டைம்ஷிஃப்ட் வட்டில் இருப்பதை மீட்கும். மோக் பட்டியல் இருப்பது மதர்போர்டிலேயே உள்ள நினைவகமான என்விராமில், அதை டைம்ஷிஃப்ட் தொடாது. எல்லாக் கேள்விக்கும் மின்ட் என்று சொல்வது பதில் ஆகாது நண்பரே, போன மாதம் பிரிண்டர் இழையிலும் இதையேதான் சொன்னீர்கள்.

சேலத்து_மின்ட்
பிரிண்டர் மின்ட்டில் வேலை செய்தது என்பதை ஏன் சொல்லவில்லை?

பென்குயின்_பிரியா
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். தேன்மொழி, 22.04-இல் வைஃபை ஓடியபோது செக்யூர் பூட் ஆனிலா ஆஃபிலா? ஆனில் இருந்திருந்தால் சாவி அப்போதே பதிவாகியிருக்கும். கெர்னல் மாறினாலும் டிகேஎம்எஸ் அதே சாவியால்தான் கையெழுத்திடும், மறுபடி பதியத் தேவையே இல்லை. அப்படியென்றால் பதிவு எங்கே போனது? 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். சில சமயம் புதிய கெர்னலுக்கு ஹெட்டர்ஸ் (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) இல்லாமல் மாட்யூல் கம்பைலே ஆகியிருக்காது, அப்போது வரும் பிழை 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்', இது அல்ல.

விருதை_வேல்
பிரியா சொல்வது சரி, நான் சொன்னதும் அதுதான். சாவி பட்டியலில் இல்லை, பதிய வேண்டும்.

டெர்மினல்_தம்பி
பிரியா கேட்டது பதிவு *எங்கே போனது* என்று. அண்ணன் வழக்கம்போல் பாதியைப் படித்துவிட்டு வெற்றி முழக்கம். 2024 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? 13-ஆம் தேதி விண்டோஸ் அப்டேட் ஒன்று எஸ்பேட் விதியை (ஓட்டையுள்ள பழைய பூட்லோடர்களைத் தடுக்கும் விதியை) மாற்றி, டூயல் பூட் வைத்திருந்த எத்தனையோ கணினிகளில் லினக்ஸ் திறக்காமல் செய்தது. 'சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்' என்று திரையில் வந்து அணைந்தது. அப்போது எல்லாரும் சொன்ன தீர்வு என்ன? செக்யூர் பூட்டை அணை!

விருதை_வேல்
முழுதாகச் சொல்லுங்கள். அணை, லினக்ஸுக்குள் போ, மோக்யூட்டிலில் எஸ்பேட் விதியை நீக்கு, ரீபூட் செய், *திரும்ப ஆன் செய்*. கடைசி வரியைச் சௌகரியமாக விட்டுவிடுகிறீர்கள். நேற்று தேன்மொழிக்குச் சொன்ன பதிலிலும் திரும்ப ஆன் செய் என்ற வரி இல்லை, பிட்லாக்கர் என்ற சொல்லும் இல்லை. விண்டோஸ் 11 24எச்2 புதிதாக நிறுவினால் ஹோம் பதிப்பில் கூட மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தவுடன் என்கிரிப்ஷன் தானே ஆன் ஆகிறது. மாணவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் வட்டு பூட்டப்பட்டிருப்பதே தெரியாது. தெரியாதவர்களுக்குத்தான் எச்சரித்துச் சொல்ல வேண்டும். கணினி தொடங்கும்போதே புகுந்துகொள்ளும் பூட்கிட் எல்லாம் கற்பனை இல்லை, பிளாக்லோட்டஸ் என்ற ஒன்று 2023-இல் அம்பலமானது.

டெர்மினல்_தம்பி
பிளாக்லோட்டஸ் செக்யூர் பூட் *ஆனில் இருந்த* விண்டோஸ் 11-ஐயே தாண்டிப் போனது அண்ணா. எனக்காகவே உதாரணம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். நன்றி.

யாழ்_ஆர்ச்
மைக்ரோசாஃப்டின் சாவியை நம்பி ஷிம்மில் தொங்கிக்கொண்டிருந்தால் இந்தச் சண்டை முடியாது. எஸ்பிசிடிஎல் என்ற கருவி கொண்டு சொந்தச் சாவிகளை ஃபர்ம்வேரிலேயே (பயாஸிலேயே) பதியுங்கோ. கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ் இரண்டையும் ஒரே கோப்பாகக் கட்டிக் கையெழுத்திட்டால் தம்பி சொல்லும் ஓட்டையும் அடைபடும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

விருதை_வேல்
வைஃபை போய்த் தவிக்கும் மாணவிக்கு ஃபர்ம்வேர் சாவியை மாற்றச் சொல்கிறீர்களா? சில மதர்போர்டுகளில் மைக்ரோசாஃப்ட் சாவியை நீக்கினால் கிராபிக்ஸ் அட்டையின் ஃபர்ம்வேரே ஏறாமல் திரை வராது. ஆர்ச் லினக்ஸ் பெருமையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

யாழ்_ஆர்ச்
மைக்ரோசாஃப்ட் சாவியை நீக்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? அதையும் சேர்த்தே பதியலாம், எஸ்பிசிடிஎல்லில் அதற்கு வழி உண்டு. வாசிக்காமல் பதில் எழுதுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

தேன்மொழி_22
அண்ணா, அக்கா, 22.04-இல் செக்யூர் பூட் ஆனில்தான் இருந்தது, வைஃபையும் வந்தது. போன வாரம் விண்டோஸ் பக்கம் பயாஸ் அப்டேட் வந்தது, போட்டேன். அதற்குப் பிறகு விடுதி லேன் கேபிளில் இணைத்துத்தான் உபுண்டுவை மேம்படுத்தினேன். இடையில் வைஃபையைப் பார்க்கவில்லை.

பென்குயின்_பிரியா
அப்படியென்றால் பெரும்பாலும் பயாஸ் அப்டேட்தான் என்விராமில் இருந்த மோக் பட்டியலை அழித்திருக்கிறது. 24.04-க்கு இதில் பங்கே இல்லை. 'மோக்யூட்டில் லிஸ்ட் என்ரோல்டு' கொடுத்துப் பாருங்கள். உங்கள் கணினிப் பெயரோடு சான்றிதழ் இல்லையென்றால் உறுதி. முதலில் செக்யூர் பூட்டை ஆன் செய்து விண்டோஸ் திறக்கிறதா என்று பார்த்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் மீட்பு எண்ணை எழுதி வையுங்கள். அப்புறம் லேன் கேபிளையோ போனின் யூஎஸ்பி டெதரிங்கையோ வைத்துக்கொண்டு மோக்கைப் பதியலாம்.

விருதை_வேல்
பார்த்தீர்களா, மோக்கைப் பதி. முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன்.

டெர்மினல்_தம்பி
பார்த்தீர்களா, ஆன் செய்தால் விண்டோஸ் திறக்கும். முதல் பதிலிலேயே எழுதியிருக்கிறேன். அடுத்த பயாஸ் அப்டேட்டில் மறுபடி அழியும், மறுபடி நீலத் திரை, மறுபடி பத்து விநாடி. பிராட்காம் அந்த டிரைவருக்குப் புதிய பதிப்பு தந்து முடித்ததே 2015-இல். ஒவ்வொரு கெர்னலுக்கும் உபுண்டு மாதிரியான டிஸ்ட்ரோக்கள் ஒட்டுப்போட்டு ஓட்டுகின்றன. ஒட்டுப்போட்ட மாட்யூலுக்குச் சொந்தக் கையெழுத்து, அந்தச் சாவி அதே வட்டில். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

சேலத்து_மின்ட்
நாற்பது ரூபாய் அதிகம் போட்டு இன்டெல் வைஃபை அட்டை வாங்கியிருந்தால்

டெர்மினல்_தம்பி
எந்தக் கடையில் நாற்பது ரூபாய் வித்தியாசம்? முகவரி கொடுங்கள், நானும் போகிறேன்.

சேலத்து_மின்ட்
ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மடிக்கணினியில் மாற்றக்கூடிய அட்டைதானே?

விருதை_வேல்
சில நிறுவனங்கள் பயாஸிலேயே அனுமதிப்பட்டியல் வைத்து வேறு அட்டையை ஏற்க விடுவதில்லை. அதை விடுங்கள். தம்பி, சாவி அதே வட்டில் என்று நூறு முறை எழுதினாலும் அது மாட்யூலுக்கு மட்டுமான சாவி என்பது மாறாது. ரூட் போன கணினியில் எல்லாமே போனதுதான். செக்யூர் பூட் காப்பது ரூட்டுக்கு *முன்னால்* நடப்பதை. இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

டெர்மினல்_தம்பி
முன்னால் நடப்பதில் இனிட்ராம்எஃப்எஸ் சேர்த்தியா இல்லையா? அதைச் சரிபார்க்கிறதா? ஆம், இல்லை, ஒரு சொல்லில் சொல்லுங்கள்.

விருதை_வேல்
ஒரு சொல்லில் சொல்லச் சொல்பவர்தான் ஒரு வரியில் பதில் கொடுத்து அந்தப் பெண்ணை விண்டோஸுக்கு வெளியே நிறுத்தினார். இரவு வீட்டுக்குப் போனதும் என் கணினியின் மோக் சான்றிதழைத் திறந்து முழு விவரத்தையும் இங்கே போடுகிறேன், எந்தப் பயனுக்கு என்ற வரியை நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள்.

டெர்மினல்_தம்பி
போடுங்கள். கூடவே மோக் பிரைவ் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதையும் போடுங்கள்.