அப்டேட்: டெக்கப்போல ஹீட்டர் நின்ன மோட்டார்ஹோம்

நியூசிலாந்து டெக்கப்போ ஏரிகிட்ட, வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோம்ல (உள்ளயே தங்கி தூங்குற வீடு மாதிரி வண்டி) ராத்திரி ஹீட்டர், லைட் எல்லாம் ஆஃப், ஆனா வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகுது, ஏன்னு கேட்டிருந்தேன்ல, காரணம் தெரிஞ்சுபோச்சு. பேட்டரி ரெண்டு, எஞ்சினுக்கு ஒண்ணு, உள்ள லைட்டு ஹீட்டருக்கு தனியா ஒண்ணு, வண்டி ஓடுறப்ப அதுவும் சார்ஜ் ஆகணும், அந்த லைன்ல ஃபியூஸ் போயிருக்கு, அதான் நாள் பூரா ஓட்டியும் சார்ஜே ஏறல. டீசல் ஹீட்டருக்கு எதுக்குடா கரண்ட்டுன்னு மாமா குளிர்ல நடுங்கிக்கிட்டே வாதாடுனாரு, ஃபேன் சுத்த 12 வோல்ட் வேணும் மாமா! வாடகைக்கு குடுத்தவங்க காலையில பாக்கலாம்னுட்டாங்க (அவங்களுக்கென்ன லா). மெக்கானிக் வர மத்தியானம் ஆச்சு, ஃபியூஸ் மாத்த அஞ்சு நிமிஷம். டிசம்பர் லீவுக்கு சிங்கப்பூர்லேருந்து போறவங்க, வண்டி எடுக்கும்போதே எஞ்சின் ஓடவிட்டு அந்த ரெண்டாவது பேட்டரி 13 வோல்ட்டுக்கு மேல காட்டுதான்னு பாத்துக்குங்க.