வகுப்பில் விக்கி, வலைப்பூ நடத்திப் பார்த்தவர்கள் வாருங்கள் – அனுபவப் பகிர்வு

வெண்ணாற்றங்கரை:
ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு விக்கி போட்டுக் கொடுத்திருந்தேன், தலைப்பு 'நம்ம ஊர்த் தண்ணீர்'. விக்கி என்றால் வகுப்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம், அப்படி ஒரு இணையப் பக்கம். முதல் ரேங்க் பையன் ஒருவன் 'ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்ததும் டெல்டா முழுக்கக் குறுவை நெல் நடவு தொடங்கும்' என்று எழுதி வைத்திருந்தான். கடைசி பெஞ்சில் ஒரு பெண், வகுப்பில் வாயே திறக்க மாட்டாள், அந்த வரியை அழித்துவிட்டு, மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வரவே மூணு நாலு நாள் ஆகும், அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும், அப்புறம் முறை வைத்து விடுவார்கள், எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் நாற்று முற்றிவிடும் என்று எழுதினாள். அவன் உடனே பழையபடி மீளமைத்தான். இவள் திரும்ப மாற்றினாள். யார் எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் இரண்டு பெயரும் மாறி மாறி ஏறுகிறது, லேபில் கீபோர்டு சத்தம் மட்டும்தான். கடைசியில் அவன் உரையாடல் பக்கத்தில் 'புக்குல இப்படித்தான் இருக்கு' என்று போட, இவள் 'எங்கப்பா ராத்திரி மடையிலதான் படுத்திருக்காரு, வந்து பாரு' என்று போட்டாள். மணி அடித்துவிட்டது. மறுநாள் பார்த்தால் ஜூன் 12 வரிக்கு முன்னால் 'தலைமடைப் பக்கம்' (தண்ணீர் முதலில் வரும் பக்கம்) என்று சேர்த்திருக்கிறது, கீழே 'கடைமடையில்' (கடைசியில் வரும் இடம்) என்று தொடங்கி அவள் எழுதியது அப்படியே இருக்கிறது. செய்தது இவர்கள் இரண்டு பேரும் இல்லை, மூன்றாவதாக ஒரு பையன், சேர்த்தது மொத்தம் மூன்று சொல். இதில் யாருக்கு எவ்வளவு மார்க் போடுவது? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

குடந்தை லெக்சரர்:
மார்க்கா? வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்து மார்க் போடுவேன் என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள் சார். எங்கள் கல்லூரியில் ஒருத்தன் கமா போட்டுச் சேமிப்பான், அதை எடுத்துவிட்டுச் சேமிப்பான், பட்டியலில் அவன் பேர்தான் கொடி கட்டிப் பறக்கும். எனக்கு உறுத்துவது அது இல்லை. ஒரு மாணவி ஸ்டாஃப் ரூம் வாசலில் நோட்டோடு வந்து நின்றாள். பாரம்பரிய நெல் பற்றிய பக்கம் முழுக்க, மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் எல்லாம் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு எழுதியது, நீல மையில் பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும். டைப் செய்தது குழுவில் இருந்த பையன், ஏனென்றால் போன் அவனிடம்தான் இருந்தது. விக்கியில் அவள் பேர் ஒரு இடத்தில்கூட இல்லை. விக்கியில் யார் செய்தார்கள் என்பது தெளிவாகத் தெரியும் என்று பயிற்சிக்குப் பயிற்சி சொல்கிறார்களே, அதில் தெரிவது யார் பட்டனை அழுத்தினார்கள் என்பது மட்டும்தான்.

கோடியக்காட்டான்:
நான் வாத்தியார் இல்லை, மாணவனாக இருந்தவன். கஜா புயல் அடித்த வருஷம், 2018, எங்களுக்கு வகுப்பு வலைப்பூ இருந்தது. ஆளுக்கொரு பதிவு எழுதணும், மற்றவர்கள் பதிவில் கமெண்ட் போடணும். எல்லாரும் 'அருமை நண்பா' போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். ஒருத்தன் 'என் பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள்' என்று உருகி உருகி எழுதியிருந்தான். நான் 'உங்க வீட்ல தென்னையே கிடையாதேடா' என்று போட்டேன். டீச்சர் அதை அழித்துவிட்டு, இனி நல்ல கமெண்ட்டாகப் போடு என்றார். ஆனால் அடுத்த வாரம் அவன் வேறொரு பதிவு போட்டான்: ஓடு பறந்த வீடு, தார்ப்பாய்க்கு வரிசையில் நின்ற அவன் அம்மா, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் போன் சார்ஜ் போட ஜெனரேட்டர் தேடி அலைந்தது. அந்த வருஷம் அந்த வலைப்பூவில் வந்ததிலேயே அதுதான் பதிவு. என் கமெண்ட்டை ஏன் அழித்தார் என்று இன்னும் கேட்கத் தோன்றுகிறது.

மன்னை லேப் ஆள்:
எங்கள் கதை சின்னது. நாங்கள் வைத்திருந்த இலவச விக்கித் தளத்தை 2018-ல் மூடிவிட்டார்கள், பிள்ளைகள் எழுதியது எல்லாம் போச்சு, ஒரு பெண் தனக்கென்று பிரிண்ட் எடுத்து வைத்திருந்தது மட்டும் மிச்சம். அதனால் சொல்கிறேன், பருவம் முடிந்ததும் எல்லாப் பக்கத்தையும் இறக்கி பென்டிரைவில் போட்டு வையுங்கள். நெட் ஊர்ந்து ஊர்ந்து வரும் ஊரில் நேராகத் தளத்தில் டைப் செய்ய விடாதீர்கள், தனிக் கோப்பில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒரே பத்தியை இரண்டு பேர் ஒரே நேரம் சேமித்தால் முரண் என்று ஒரு திரை வரும், அதைப் பார்த்துப் பயந்து பக்கத்தை மூடினால் எழுதியது போகும், அதை முதல் நாளே வேண்டுமென்றே வரவைத்துக் காட்டிவிடுங்கள். தமிழ்99 கீபோர்டு முறையில் டைப் செய்யப் பழக்குங்கள், ஆரம்பத்தில் முனகுவார்கள், பழகிவிட்டால் விட மாட்டார்கள். எடுத்த எடுப்பில் தமிழ் விக்கிப்பீடியாவில் இறக்காதீர்கள், 2003-லிருந்து இருக்கிற இடம், அதற்கென்று விதிகள் உண்டு, பாட்டி சொன்னது அங்கே சான்று ஆகாது, ஏற்கெனவே வெளியான நம்பகமான ஆதாரம் கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். மணல்தொட்டி என்று அங்கே இருக்கிற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகட்டும். பிள்ளைகள் முழுப்பேரும் போட்டோவும் பொதுவில் வேண்டாம். லெக்சரர் சார், உங்கள் பிரச்சினைக்கு வழி உண்டு, நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அதே விக்கியில் ஏற்றிவிட்டால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். மார்க் கேட்ட சாருக்கு: 1995-ல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியைப் போட்டது புரோகிராமர்கள் கூடி எழுதிக்கொள்ளத்தான், மார்க் போட இல்லை.

வெண்ணாற்றங்கரை:
கன்னிங்காமுக்கு ரேங்க் கார்டு எழுதுகிற வேலை இல்லை சார், எனக்கு இருக்கிறது. கோடியக்காட்டான் தம்பி, உன் கமெண்ட்டை நான் அழித்திருக்க மாட்டேன்.

குடந்தை லெக்சரர்:
நோட்டைப் போட்டோ எடுத்து ஏற்றச் சொல்கிறீர்கள். யார் போனில் எடுப்பது? அதே பையன் போனில்தான்.