என்பிசிசி மேல்படிப்பு முடிச்சும் ஸ்டாஃப் நர்ஸ்தான், பொறுப்பு மட்டும் கூடிட்டே போகுது. என்ன பண்றது?

வேலந்தாவளம் பொண்ணு:
அக்கா எல்லாருக்கும் வணக்கம். வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம், வேலை கோயமுத்தூர்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி ஐசியூ. பிஎஸ்சி முடிச்சு மூணு வருஷம் ஐசியூல இருந்துட்டு அப்புறம் நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிக்கல் கேர், அதான் என்பிசிசி, ஆஸ்பத்திரில வேலை பாத்துட்டே படிக்கற ரெண்டு வருஷ ரெசிடென்சி, அப்பா தென்னந்தோப்ப அடகு வெச்சுத்தான் படிக்க வெச்சாரு. இங்க அந்தப் பேர்ல போஸ்டே இல்ல, ஐடி கார்டுல ஸ்டாஃப் நர்ஸ்னுதான் இருக்கு. ஆனா ஏபிஜி (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பாக்கற டெஸ்ட்) பாக்கணும் வென்டிலேட்டர் செட்டிங் என்னன்னு சொல்லணும்னா என்னத்தான் கூப்பிடுவாங்க, அதோட சேத்து ரெண்டு வென்டிலேட்டர் பேஷண்ட்டும் என் தலைல.

போன வாரம் நைட் ரெண்டு மணி, ஆறாம் பெட் தாத்தாவுக்கு மேப் (சராசரி ரத்த அழுத்தம்) 52க்கு எறங்கிடுச்சு. டியூட்டி டாக்டர் கேஷுவாலிட்டில மாட்டிக்கிட்டாரு, போன்ல நார்அட்ரினலின் ஏத்துங்க சிஸ்டர்னாரு, பிரஷர ஏத்தற மருந்து அது, ஏத்தினேன், நாலு மணிக்கு மேப் 66 வந்துச்சு. காலைல நோட்ஸ்ல கையெழுத்து கேட்டா நான் எவ்வளவு ஏத்தச் சொன்னேன்னு எனக்கு ஞாபகமில்லைங்கறாரு. கை கால் நடுங்கிப் போச்சுக்கா. அன்னைக்கு பஸ்ல அழுதுட்டே வந்தேன். இப்பல்லாம் பகல்ல படுத்தா பம்ப் அலாரம் காதுக்குள்ள அடிக்குது. விட்டுட்டு வெளிநாடு பாக்கறதா, இங்கயே கேட்டுப் பாக்கறதா?

சித்தூர் சேச்சி:
கண்ணு, மொதல்ல அந்தத் தாத்தா பொழச்சாரே, அது உன் கைதான், அத மறக்காத. நான் 22 வருஷமா பாலக்காட்டுல வார்டுல இருக்கேன். இனிமே போன் ஆர்டர் வந்தா டோஸ அவருக்கே திருப்பிச் சொல்லி சரின்னு வாங்கு, நேரம், டாக்டர் பேரு, அவர் சொன்ன அளவு மூணையும் அப்பவே எழுது, பக்கத்துல நிக்கற சிஸ்டர சாட்சிக் கையெழுத்து போடச் சொல்லு. விடியட்டும்னு தள்ளிப் போடாத. சம்பளம் எங்க ஊர்ல பேசிப் பேசித்தான் நகந்துச்சு, 2018 ஏப்ரல்ல கேரள அரசு பிரைவேட் நர்ஸுக்கு அடிப்படையே 20,000னு உத்தரவு போட்டது நர்ஸுங்க ரோட்டுல நின்னதாலதான்.

நர்சிங் டியூட்டர்:
சேச்சி சொன்னதோட இதையும் சேத்துக்கங்க. ஐசியூல வென்டிலேட்டர் பேஷண்ட்னா ஷிஃப்டுக்கு ஒருத்தருக்கு ஒரு நர்ஸ், இதுதான் இந்திய நர்சிங் கவுன்சில் சொல்ற கணக்கு. அப்புறம் 2016 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி, 200 பெட்டுக்கு மேல இருக்கற பிரைவேட் ஆஸ்பத்திரி கவர்மென்ட் நர்ஸுக்கு சமமா சம்பளம் குடுக்கணும்னு சொல்லுச்சு. அது பரிந்துரைதான், மாநிலம் உத்தரவாக்கினாத்தான் கைக்கு வரும், அதனால கேஸ் போடலாம்னு யாராச்சும் உசுப்பேத்தினா அவசரப்படாதீங்க. உங்களுக்கு இப்ப முக்கியம் எழுத்துல ஒரு வேலை விவரம், எத நீங்களா பண்ணலாம், எதுக்கு டாக்டர் ஆர்டர் வேணும்னு. மருந்து ஏத்தறதுக்கு மேப் எவ்வளவுக்கு கீழ போனா எவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்னு டாக்டர் முன்கூட்டியே எழுதி கையெழுத்துப் போட்ட புரோட்டோகால் இருந்தா அந்த நைட் உங்களுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

லீட்ஸ்ல இருந்து:
நான் திருவள்ளூர் பக்கம், இப்ப யூகே. வெளிநாடு வந்தா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சு கெளம்பாதீங்கன்னு மட்டும் சொல்றேன். இங்க அட்வான்ஸ்டு பிராக்டிஷனர்னா சம்பள கிரேடு பேண்ட் 7, 8ஏ, வாரம் 37.5 மணி நேரம், அது நெஜம். ஆனா நீங்க வந்தவொடனே பேண்ட் 5ல வார்டுல இருந்துதான் தொடங்கணும், உங்க என்பிசிசிய அப்படியே எடுத்துக்க மாட்டாங்க. ஆளு பத்தாம ஓடறதும் அழறதும் இங்கயும் இருக்கு. எனக்கு ஒதவுனது டாக்டர்கிட்ட போய் தூக்கம் வரலைன்னு சொன்னதுதான், நீங்களும் போங்க, தள்ளிப் போடாதீங்க.

வேலந்தாவளம் பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா, சேச்சி, சார். இன்னைக்கு மத்தியானம் ஒக்காந்து நர்சிங் சூப்பிரண்டுக்கு லெட்டர் எழுதிட்டேன், புரோட்டோகாலும் ஒருத்தருக்கு ஒரு நர்ஸும் ரெண்டே விஷயம்தான் கேட்டிருக்கேன், சம்பளம் அடுத்த லெட்டர்ல. எங்க பேட்ச்ல ரெண்டு பேரும் கையெழுத்து போடறேன்னாங்க. நாளைக்கு ஆஃப், தூக்கத்துக்கு டாக்டர பாக்கப் போறேன். ஏழு மணி பஸ்ஸுக்கு கெளம்பணும், ஆறாம் பெட் தாத்தாவ வார்டுக்கு மாத்திட்டாங்களாம், போனவொடனே எட்டிப் பாக்கணும்.