அஞ்சி ஒடுங்கும் பிள்ளைகளுக்காக ஆசிரியர்களைப் பழக்குவது எப்படி?

கேள்வி (தலைமையாசிரியர், குடியாத்தம்):
வீட்டில் அடிதடியைப் பார்த்து வளரும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், யாரேனும் குரலை உயர்த்தினாலே பெஞ்சுக்கடியில் ஒடுங்கிவிடுகிறான். இதைத் திமிர் என்று எண்ணும் சக ஆசிரியர்களுக்கு எவ்வாறு பயிற்சி அளிப்பது?

பதில் (காட்பாடி):
ஒரு நாள் கருத்தரங்கு போதாது, ஐயா. பயிற்றுநர் பின்வரிசையில் அமர்ந்து வகுப்பைக் கவனித்து, அன்று மாலையே ஆசிரியரிடம் தனியாக, "நீங்கள் மேசையைத் தட்டியபோது அவன் என்ன செய்தான்?" என்று கேட்பதே பலன் தரும். அச்சத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பாடம் செவியில் ஏறாது. எனவே முதலில் அமைதிப்படுத்துதல், பிறகே விசாரணை.

பதில் (ஆம்பூர்):
கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது என்பதையும் சொல்லுங்கள் (சட்டம் என்றால் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்). நடந்ததை மாணவனிடம் துருவிக் கேட்க வேண்டாம்; ஆபத்து தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. கணித ஆசிரியர் தாமாகவே முன்வந்துள்ளார்; அவர் வகுப்பிலிருந்து தொடங்குகிறேன்.