ஃபால்கோன் குரல் ஒரே ராத்திரியில் போனதா, இல்லையா?

சுருதிப்பெட்டி:
பிரெஞ்சு ஒப்பேரா (இசை நாடக) பாடகி ஃபால்கோன் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதினார்: "கொர்னேலி ஃபால்கோன் ஒழுங்காகச் சாதகம் பண்ணவில்லை, அதனால்தான் 23 வயதில் குரல் போச்சு." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1837 மார்ச், பாரிஸ் ஒப்பேரா அரங்கு, நீடர்மேயர் இசையமைத்த 'ஸ்த்ராதெல்லா'. கூடப் பாடிய நூரி "நாளை புறப்படுவோம், சம்மதமா?" என்று கேட்கிறார். ஃபால்கோன் "நான் தயார்" என்று பாட வேண்டும், அவ்வளவுதான். வாய் திறந்தார், குரல் வரவில்லை. மேடையிலேயே மயங்கி விழுந்தார். ஒரே ராத்திரி! இதில் சாதகம் எங்கே வந்தது?

மேல்ஸ்தாயி:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாமே. ஒரே ராத்திரி என்பதெல்லாம் கட்டுக்கதை. 1838 ஜனவரியிலும் 'லெ யூகனோ' ஒப்பேராவில் பாடியிருக்கிறார். போன குரல் எப்படிப் பாடியது?

சுருதிப்பெட்டி:
பாடினார் என்றால் குரல் இருந்தது என்று அர்த்தமா? அந்த ராத்திரி உடைந்தது உடைந்ததுதான். குரல் திரும்பும் என்று நம்பி இத்தாலிக்குப் போனார். 1840-ல் பாரிஸில் மறுபடி மேடை ஏறினார், பழைய குரலில் மிச்சம் ஒன்றுமில்லை.

தில்லானா:
இரண்டு பேருமே காரணத்தை விட்டுவிட்டீர்கள். 1832-ல், 18 வயதுப் பெண்ணை 'ரொபேர் லெ தியாப்ல்' ஒப்பேராவில் ஆலீஸ் வேடத்தில் இறக்கினார்கள். 1835-ல் 'லா ஜுயீவ்' ரஷேல், அடுத்த வருஷமே 'லெ யூகனோ' வாலந்தின். கீழ்ஸ்தாயியில் கனமான குரலை அவ்வளவு பெரிய அரங்கில் மேலே மேலே ஏற்றினால் தாங்குமா? சொல்லிக்கொடுத்த நூரிக்குத் தெரியாதா?

சுருதிப்பெட்டி:
நூரியை இழுக்காதீர்கள். போன தடவை நூரியின் போட்டிப் பாடகர் துய்ப்ரே பற்றிய பேச்சிலும் நூரியைத்தான் மட்டம் தட்டினீர்கள். மறக்கவில்லை.

தில்லானா:
அங்கே துய்ப்ரே கத்துகிறார் என்று ஆரம்பித்தது யார்? உங்களுக்குப் பிடித்தவரை யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது!

மேல்ஸ்தாயி:
துய்ப்ரே கிடக்கட்டும். 1838 ஜனவரிக்குப் பதில் எங்கே?

சுருதிப்பெட்டி:
முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். மேடையில் முழுசாக ஆறு வருஷம்கூட இல்லை. ஆனால் ரஷேல், வாலந்தின் பாடும் குரல்வகைக்கு இன்றைக்கும் 'ஃபால்கோன்' என்றுதான் பெயர். சாதகம் இல்லாதவர் பெயரையா வைப்பார்கள்?

மேல்ஸ்தாயி:
குரலுக்கு வைத்த பெயர் அது, சாதகத்துக்கு இல்லை. நான் கேட்டது 1838 ஜனவரி.

சுருதிப்பெட்டி:
அந்த மார்ச் ராத்திரி நடந்ததை ஒழுங்காகப் படித்துவிட்டு வாருங்கள். 1838-ஐ அப்புறம் பேசலாம்.