1969 கமாரோ இசட்-28: எதுவரை ஒரிஜினல், எங்கே நிறுத்துவது?

மிச்சிகன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். பழைய வி8 (எட்டு சிலிண்டர்) கார் ஒன்றை வாங்கி நானே பிரித்துச் சேர்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. போன குளிர்காலத்தில் ஒஹாயோவில் செவ்ரொலேயின் 1969 கமாரோ ஒன்று கிடைத்தது. விற்றவர் இசட்-28 (பந்தயத்துக்காக வந்த விசேஷ மாடல்) என்று சொல்லித்தான் விற்றார், விலையும் அதற்குத் தகுந்த விலைதான். வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) 124379என் என்று ஆரம்பிக்கிறது. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள இரும்புச் சுவரில்) இருக்கும் தகட்டில் எக்ஸ்33 டி80 என்ற குறியீடுகள், பெயிண்ட் குறியீடு 72. வண்டி இப்போது சிவப்பாக இருக்கிறது, ஆனால் கதவு ஓரத்தில் பெயிண்ட் உரிந்த இடத்தில் அடியில் ஆரஞ்சு தெரிகிறது. 12 போல்ட் பின் ஆக்சில், மன்சி 4 ஸ்பீடு கியர்பாக்ஸ் இரண்டும் இருக்கின்றன. இன்ஜின் மட்டும் ஒரிஜினல் 302 (கன அங்குலக் கொள்ளளவு) இல்லை, யாரோ 350 மாற்றியிருக்கிறார்கள்.

ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்த மாதிரியே செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். இங்கே ஒரு ஷாப்பில் விசாரித்தேன். எல்லாவற்றையும் பிரித்து பிளாஸ்ட் செய்து (மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து), பேஸ்கோட் கிளியர்கோட் (நிறத்துக்கு மேல் தெளிவான பூச்சு) அடித்து, அடிப்பாகம் முழுக்கப் பளபளவென்று கறுப்பு பவுடர் கோட்டிங், நட்டு போல்ட் எல்லாம் ஸ்டெய்ன்லெஸ் போட்டுத் தருகிறோம், நூறு வருஷம் துருப்பிடிக்காது என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை. அப்புறம் இன்ஜின். வண்டியின் தேதிக்கு ஒத்து வார்த்த 302 ஒன்றைத் தேடிப் போடலாமா, இல்லை அது வீண் செலவா?

பழைய இரும்பு:

முதலில் அந்த ஷாப்புக்கு வண்டியை அனுப்பாதீர்கள். அவர்கள் சொல்வது அழகான வண்டிக்கான வேலை, ஃபேக்டரி வண்டிக்கான வேலை இல்லை.

எக்ஸ்33 நல்ல செய்திதான். ஒஹாயோவின் நார்வுட் ஆலை 1968 டிசம்பர் வாக்கில்தான் இந்த எக்ஸ் குறியீடுகளைத் தகட்டில் அடிக்க ஆரம்பித்தது. எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்-28. கலிபோர்னியாவில் வேன் நைஸ் ஆலையில் கட்டிய வண்டிகளில் இது கிடையாது, அதனால்தான் அங்கே வந்த இசட்-28-ஐ நிரூபிப்பது இன்னும் கஷ்டம். ஆனால் புதிதாக அடித்த தகடு காசு கொடுத்தால் கிடைக்கும், எனவே தகட்டை மட்டும் நம்பி உட்காராதீர்கள். வின்னின் ஒரு பகுதியை பாடியிலேயே மறைவான இரண்டு இடங்களில் குத்தியிருப்பார்கள்: கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் கவுல் கிரில்லுக்கு அடியில் ஒன்று, ஃபயர்வாலில் ஹீட்டர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொன்று. கியர்பாக்ஸ் மேலேயும் பாருங்கள், 19என் என்று தொடங்கி உங்கள் வின்னின் கடைசி ஆறு இலக்கம் இருந்தால் அந்த மன்சி இந்த வண்டியோடு பிறந்தது. அப்படி இருந்துவிட்டால் இன்ஜின் போனதைப் பற்றி அவ்வளவு கவலைப்படத் தேவையில்லை.

பிரிக்கும்போது ஒவ்வொரு சாமானையும் கழுவுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். கிரீஸுக்கு அடியில் சாக்பீஸ் குறி, பெயிண்ட் தீற்றல், ஒட்டிய சீட்டு எல்லாம் ஐம்பது வருஷமாக அப்படியே இருக்கும். சர்வீஸ் செய்கிறேன் என்று பிரஷர் வாஷரை எடுத்தால் ஒரு நிமிஷத்தில் போய்விடும். தகட்டில் தேதி இருக்கும், உதாரணத்துக்கு 04சி என்றால் ஏப்ரல் மூன்றாம் வாரம். அதை வைத்துக்கொண்டு ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், கண்ணாடி, சீட் பெல்ட் என்று ஒவ்வொன்றின் தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்து எழுதி வையுங்கள். வண்டி தேதிக்குப் பிந்திய சாமான் எதுவாக இருந்தாலும் பிற்பாடு வந்தது. முந்திய தேதி என்றால் சில வாரம், ஒரு மாதம் வித்தியாசம் சகஜம்.

எட்டு சிலிண்டர் (டெக்சஸ்):

இன்ஜின் விஷயத்துக்கு வருகிறேன். 302 என்பது டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 305 கன அங்குல வரம்புக்குள் அடங்குவதற்காக செவ்ரொலே கட்டியது, 4 அங்குல போர் (சிலிண்டர் விட்டம்), 3 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). காகிதத்தில் 290 குதிரைத்திறன், உண்மையில் அதைவிட அதிகம் என்று ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். 1969-இல் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல் இசட்-28 போனது. அதனால் இன்ஜின் கிடைக்காமல் இல்லை, ஆனால் சந்தையில் போலி கொட்டிக் கிடக்கிறது.

ஏமாற்றுவது இப்படித்தான்: பிளாக்கில் (இன்ஜினின் அடிப்படை வார்ப்பில்) 3956618 என்ற வார்ப்பு எண் இருந்தாலே 302 என்று தலையில் கட்டுவார்கள். அதே பிளாக்கில் 350-யும் வந்தது. முக்கியம் உள்ளே இருக்கும் கிராங்க் (சுழல் தண்டு), அது 3 அங்குல ஸ்ட்ரோக் உள்ள ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) கிராங்க்காக இருக்க வேண்டும். வெளியே பார்த்தால், வலது பக்க ஹெட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய பேடில் (தட்டையான பரப்பில்) வி என்று தொடங்கி மாதம், தேதி, கடைசியில் டிஇசட் என்று குத்தியிருக்கும். பக்கத்தில் வின். அந்தப் பேடை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆலையில் அந்தப் பரப்பை ப்ரோச் செய்த (பல் வரிசைக் கருவியால் சீவிய) நேர்க்கோடுகள், முன்னிருந்து பின்னாக, மெலிதாக ஓட வேண்டும். வழவழவென்று இருந்தாலோ, வட்ட வட்டமாக வெட்டின தடம் இருந்தாலோ, யாரோ சீவிவிட்டார்கள். பழைய எண்ணும் அதோடு போச்சு.

என் கருத்து, காசு இருந்தால் ஒழுங்கான 302 ஒன்றை வாங்குங்கள், ஆனால் உங்கள் வின்னை அதில் குத்தாதீர்கள். “ரெஸ்டோரேஷன் ஸ்டாம்ப்” என்று வாய் கூசாமல் பெயர் வைத்து இதைச் செய்கிறவர்கள் நிறைய. நீங்கள் விற்கும்போது உண்மையைச் சொல்வீர்கள், உங்களிடம் வாங்குகிறவன் சொல்ல மாட்டான். எந்த இன்ஜினை மெஷின் ஷாப்புக்கு அனுப்பினாலும் பேடைத் தொடக்கூடாது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் ஒரிஜினல் பிளாக்கை, நல்ல பேர் உள்ள ஒரு ஷாப்பில், கேட்காமலேயே டெக்கை (பிளாக்கின் மேற்பரப்பை, பேடோடு சேர்த்து) சீவிக் கொடுத்துவிட்டார்கள். அந்த மனுஷன் அழாத குறைதான்.

டொரொண்டோ பாலன்:

ஃபினிஷ் பற்றி யாரும் பேசவில்லையே, காசும் நேரமும் கரைகிற இடம் அதுதான்.

ஃபேக்டரி வண்டியில் ஒரே கறுப்பு என்று ஒன்று கிடையாது. ஃபயர்வால், ரேடியேட்டர் சப்போர்ட், முன் சப்ஃப்ரேம் அரைப் பளபளப்பான கறுப்பு. ஸ்டியரிங் பாக்ஸ் வார்ப்பிரும்பின் சொந்த நிறம். பிரேக் பூஸ்டர் வானவில் அடிக்கிற மஞ்சள் பிளேட்டிங். ஹூட் கீலும் அதன் ஸ்பிரிங்கும் சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சு, அதில் குரோம் மின்னினால் நூறடி தூரத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். இந்த பாஸ்பேட்டை வீட்டிலேயே செய்யலாம்: கீலை மெல்லிய மணலில் பிளாஸ்ட் செய்து, கை படாமல், கிட்டத்தட்டக் கொதிக்கிற சூட்டில் உள்ள பாஸ்பேட் கரைசலில் நுரை அடங்கும்வரை முக்கி, கழுவின சூட்டோடு எண்ணெயில் போட வேண்டும். வெளியே வரும்போது மங்கலான கரும்சாம்பல் நிறம், எண்ணெயை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். பெயிண்ட்டில் அந்த நிறம் வராது. வீட்டுக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள், கையுறை, கண்ணாடி கட்டாயம்.

ஸ்டெய்ன்லெஸ் போல்ட் வேண்டவே வேண்டாம். பழைய போல்ட் தலையில் செய்தவனின் எழுத்து இருக்கும், அதையே பிளேட்டிங்குக்குக் கொடுங்கள். சஸ்பென்ஷனில் வரும் வலுவான போல்ட்டுகளை பிளேட்டிங் ஆனதும் அடுப்பில் சுடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஹைட்ரஜன் ஏறிப் பிறகு திடீரென முறியும்.

பெயிண்ட் 72 என்றால் ஹக்கர் ஆரஞ்ச். ஜிஎம் (செவ்ரொலேயின் தாய்க் கம்பெனி) அப்போது அடித்தது அக்ரிலிக் லாக்கர், மேலே கிளியர் கிடையாது. ஃபோர்டும் கிரைஸ்லரும் எனாமல். இன்றைக்கு லாக்கர் அடிப்பவரைத் தேடிப் பிடிப்பதே பெரிய பாடு, சில மாநிலங்களில் விதிகளும் இடம் கொடுக்காது. சிங்கிள் ஸ்டேஜ் (கிளியர் இல்லாத) யூரித்தேன் போதும், தோற்றம் ரொம்ப நெருங்கி வரும். இசட்-28-இன் பட்டைக் கோடுகளை கிளியருக்கு அடியில் புதைத்துவிட்டால் விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

மிச்சிகன்வாசி:

ரொம்ப நன்றி. இன்றைக்கே ஜாக்கி வைத்துப் பார்த்தேன், கியர்பாக்ஸ் எண் பொருந்துகிறது! ஷாப்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம்: ஆகஸ்டில் இங்கே நடக்கும் பழைய கார் ஊர்வலமான உட்வர்ட் டிரீம் க்ரூஸுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும், சிகாகோ பக்கம் ரோஸ்மாண்டில் நவம்பரில் நடக்கும் மசில் கார் அண்ட் கார்வெட் நேஷனல்ஸ் கண்காட்சியிலும் ஒரு நாள் நிறுத்த ஆசை. இரண்டும் நடக்குமா?

பழைய இரும்பு:

நடக்கும், ஆனால் இரண்டு செட் வீல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் 15க்கு 7 ராலி வீலில் இ70 பயாஸ் (பழைய குறுக்கு இழை) டயர் காட்சிக்கு, சாதா வீலில் ரேடியல் ரோட்டுக்கு. பயாஸ் டயரில் ஹைவேயில் போனால் வண்டி தன் இஷ்டத்துக்கு அலையும். அதுவரை அந்த 350-யே ஓடட்டும், 302 நிதானமாகக் கிடைக்கும்.

கியர்பாக்ஸ் சரியாக இருந்தாலும் மறைவான வின்னையும் பார்த்துவிடுங்கள். ஹீட்டர் பாக்ஸைக் கழற்றும்போது ஒரு நட் இன்னர் ஃபெண்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், ஸ்பேனர் போகாது. யூடியூபில் இன்னர் ஃபெண்டரில் ஓட்டை போட்டு எடுக்கச் சொல்வார்கள். போடாதீர்கள், ஃபெண்டர் போல்ட்டுகளைத் தளர்த்தி இன்னரைக் கொஞ்சம் இறக்கினாலே கை போகும்.