கரன்ட் போனால் போனும் போகும்: சேலம், ஏற்காடு நெட் போன் அனுபவங்கள்

அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியை

எங்கள் வீட்டு லேண்ட்லைன் நெட் வழியாக ஓடுகிறது என்பதே, அது பேசாமல் போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

முப்பது வருடமாக அதே 0427 எண். செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டுத் தருகிறோம், எண் மாறாது, பேசுவதற்குத் தனிக் காசு இல்லை என்றார்கள். சரி என்றோம். ஒரு பையன் வந்து வாசலில் செருப்பு அலமாரிக்கு மேலே வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டினான். பழைய போனின் வயரை அதன் பின்னால் செருகியதும் டயல் டோன் வந்தது. அரை மணி நேர வேலை. கருவியும் அதே, எண்ணும் அதே என்பதால் வேறெதுவும் மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரன்ட் நிறுத்திய ஒரு நாள், காலை பத்தரை மணி இருக்கும். மாமியாருக்கு 83 வயது. குளித்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவர், "கண்ணு, நெஞ்சப் பிசையுது" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. என் செல்போன் ரிப்பேருக்குக் கொடுத்து கடையில் இருந்தது. வீட்டுக்காரர் ஈரோடு போயிருந்தார். ஓடிப்போய் ரிசீவரை எடுத்தால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. 108 என்று நான்கு தடவை அழுத்தியிருப்பேன். தலைக்கு மேலே இன்வெர்ட்டரில் ஃபேன் சுற்றுகிறது, போன் மட்டும் செத்துக் கிடக்கிறது. வெள்ளைப் பெட்டியைப் பார்த்தேன், அதில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதை மாட்டிய பிளக் பாயின்டுக்கு இன்வெர்ட்டர் லைன் இல்லை.

பக்கத்து வீட்டு மருமகளின் செல்லிலிருந்து கூப்பிட்டோம். ஆம்புலன்ஸ் வந்தது. அத்தை நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினார், இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் சத்தமில்லாத அந்த ரிசீவர் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. பழைய செம்புக் கம்பிக்கு 48 வோல்ட் எக்சேஞ்சிலிருந்தே வரும், அதனால்தான் ஊரே இருட்டாக இருந்தாலும் அந்த போன் அடித்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மாட்டும்போது இதை ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று எழுதுங்கள். நல்லதும் எழுதுங்கள்.


செவ்வாய்ப்பேட்டை, கொலுசு வியாபாரம்

டீச்சரம்மா, உங்கள் அத்தை நலமாக இருப்பது சந்தோஷம். என் கதை பழசு.

இந்தியாவில் நெட் போனுக்கு அனுமதி கிடைத்தது 2002 ஏப்ரல் 1-ல். அதுவும் பாதி அனுமதிதான். இங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம். நெட்டிலிருந்து சேலத்து லேண்ட்லைனுக்கோ செல்லுக்கோ அப்போது போடக் கூடாது. அந்தப் பாதியே எங்களுக்குப் பெரிய விஷயம். ஐ.எஸ்.டி. பூத்தில் மீட்டர் ஓடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே பேசியவர்கள் நாங்கள். பிரவுசிங் சென்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதில் ஒரு சிறு பங்கு காசுக்குப் பேச முடிந்தது.

குரல் போய்ச் சேர நேரமாகும். நான் பேசி முடித்து, அவர் காதில் விழுந்து, பதில் திரும்புவதற்குள் நான் அடுத்ததை ஆரம்பித்திருப்பேன். இருவர் குரலும் மோதி இரண்டும் புரியாது. நடுவில் எழுத்துகளும் உதிரும். சிங்கப்பூர் பார்ட்டி ஒருவர் கொலுசுக்கு ஆர்டர் சொன்னார். எத்தனை டச், அதாவது வெள்ளியின் சுத்தம் எத்தனை சதவீதம் என்று கேட்டேன். "...பது" என்று மட்டும் வந்தது. மறுபடி கேட்டேன், மறுபடியும் "...பது". எழுபது என்று எடுத்துக்கொண்டு பட்டறையில் வேலை கொடுத்துவிட்டேன். அவர் சொன்னது எண்பது. அத்தனையையும் உருக்க வேண்டியதாயிற்று. கூலி, சேதாரம் எல்லாம் என் தலையில். அன்றிலிருந்து எந்த போனில் பேசினாலும் டச், எடை, ஜோடி மூன்றையும் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகுதான் வெள்ளியைத் தொடுவேன். இன்று வாட்ஸ்அப் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது, ஆனாலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இன்னொன்று. அக்கா மகன் துபாயில் இருக்கிறான். அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், போட்டோ அனுப்பலாம், பேச முடியாது. அனுமதி பெற்ற ஆப்களில்தான் பேச வேண்டும். 2018-ல் அதற்கென்று செல்போனுக்கு மாதம் 50 திர்ஹாமில் ஒரு திட்டம் வந்தது. ரூமில் இருந்த யாரோ சொன்னார்கள் என்று அவன் அதைவிட மலிவான ஏதோ ஒரு கார்டு வாங்கினான். அதில் கூப்பிட்டால் என் செல்லில் நம்ம ஊர் பத்து இலக்க எண் ஒன்று தெரியும், தினம் ஒரு எண். திருப்பி அடித்தால் யாரோ, எங்கேயோ. வெளிநாட்டு அழைப்பை நெட் வழியாகக் கொண்டுவந்து இங்கே பெட்டி நிறைய சிம் போட்டு உள்ளூர் அழைப்பாக மாற்றி விடுகிறார்கள். அது சட்டவிரோதம். போலீஸ் பிடித்த செய்தி பேப்பரில் வந்துகொண்டே இருக்கிறது. தெரிந்ததும் "நான் காசு தரேன், அந்தக் கார்டைத் தூக்கிப் போடு மாப்ளே" என்றேன். வளைகுடாவில் பிள்ளைகள் இருப்பவர்கள், ஊர் எண்ணில் அவர்கள் குரல் கேட்டால் எதில் பேசுகிறாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.


சூரமங்கலம், இல்லத்தரசி

நல்லதும் எழுதச் சொன்னதால் வந்தேன்.

மகள் அமெரிக்கா போன முதல் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவோம். காலண்டர் பின்பக்கத்தில் கேட்க வேண்டியதை எழுதி வைத்திருப்பேன். வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அவளும் வேகவேகமாகப் பேசுவாள். வைத்த பிறகு பார்த்தால், கேட்க நினைத்ததில் பாதியைக் கேட்டிருக்க மாட்டேன்.

2009-ல் அங்கே வானேஜ் என்ற நெட் போன் கம்பெனி ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாதம் 24.99 டாலர், இந்தியாவையும் சேர்த்து 60-க்கு மேற்பட்ட நாடுகளுக்குக் கணக்கில்லாமல் பேசலாம். அவள் வீட்டில் நெட்டோடு ஒரு சின்னப் பெட்டியை இணைத்து, சாதாரண போனை அதில் செருகியிருந்தாள். இங்கே எங்களுக்கு அதே லேண்ட்லைன்தான், ஒன்றும் வாங்க வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு பேச விஷயம் இல்லாமலும் பேசினோம். அதை எப்படிச் சொல்வது? போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நான் பருப்பு வேகவைப்பேன். அந்தப் பக்கம் அவளுக்கு ராத்திரி பத்து மணி. "மூணாவது விசில் வந்துருச்சு, அடுப்ப அணைம்மா" என்று அங்கிருந்து சொல்வாள். அவள் சமையல் கற்றுக்கொண்டதே அப்படித்தான். பேத்தி பிறந்தபோது விசா கிடைக்காமல் நான் போக முடியவில்லை. பத்தியச் சாப்பாடு முழுவதும் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். மிளகு ரசத்துக்கு எவ்வளவு மிளகு என்று மாப்பிள்ளை கேட்க, "உள்ளங்கையில வெச்சு எண்ணுங்க தம்பி" என்று சேர்ந்தே எண்ணினோம். பன்னிரண்டு.

அப்புறம் ஸ்கைப்பில் முகம் பார்த்தோம். 2015-ல் வாட்ஸ்அப்பில் பேசும் வசதி வந்தது, அடுத்த வருடம் வீடியோ. 2025 மே 5-ல் ஸ்கைப்பை மூடினார்கள். அந்த அழைப்பு மணிச் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவருவார் அவர். அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது. மூடுகிறார்கள் என்று மகள் சொன்ன அன்று கொஞ்ச நேரம் அழுதேன்.


ஏற்காடு, நாகலூர் பக்கம், காபி எஸ்டேட் மேலாளர்

இங்கே நிலைமையே வேறு. எங்களிடம் 04281 எண் ஒன்று இருந்தது. ஐப்பசி மழையில் சில்வர் ஓக் கிளை விழுந்து கம்பி அறுந்தால், ஆள் வந்து கட்டும் வரை காத்திருக்க வேண்டும். செல் சிக்னலும் பங்களாவுக்குள் கிடையாது. காபி காயவைக்கும் களத்தின் தெற்கு மூலையில், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் ஒரு கோடு வரும். எஸ்டேட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் தொட்டி மேல்தான் ஏறுவோம். ராத்திரி, மழை, வழுக்கும் தொட்டி, கையில் டார்ச்.

நெட் கம்பி வந்த பிறகு நான் வாங்கிய முதல் பொருள், சாதாரண போனை நெட்டோடு இணைக்கும் அடாப்டர் பெட்டி. சித்திரையில் இடி மழை பெய்தபோது அதுவும் அதோடு இணைத்திருந்த போனும் கருகிவிட்டன. எர்த் சரியாகப் போடாதது என் தவறு. சேலத்திலிருந்து எலக்ட்ரீஷியன் வந்து புது எர்த் குழி வெட்டிக் கொடுத்தார்.

உண்மையில் எங்களைக் கரையேற்றியது வைஃபை காலிங். தனி ஆப் வேண்டாம், தனி எண் வேண்டாம், தனிக் காசும் வேண்டாம். செல்லில் செட்டிங்ஸில் அதை ஆன் செய்தால், டவர் இல்லாத இடத்திலும் வீட்டு வைஃபை வழியாக உங்கள் சொந்த எண்ணிலேயே அழைப்பு வரும், போகும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் ஆரம்பித்தன. எதிராளி வாட்ஸ்அப் வைத்திருக்க வேண்டியதில்லை. பட்டன் போன் வைத்திருக்கும் மேஸ்திரிக்கும் பேசலாம். மலையில் இருக்கும் பலர் போனில் இந்த வசதி இருந்தும் அதை ஆன் செய்யாமல் இன்னமும் தொட்டி மேல் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கம் தெரிந்தவர்கள் பத்துப் பேருக்கு நானே போய் ஆன் செய்து கொடுத்தேன்.

கரன்டுக்கு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். வாங்கி வைத்திருக்கிறேன், சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. ரவுட்டர் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது. மலையில் கரன்ட் போனால் மூன்று மணியில் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டாவது ஒன்றைச் சார்ஜ் போட்டுத் தயாராக வைத்திருப்பேன்.


அம்மாபேட்டை, நெட்வொர்க் சர்வீஸ் வேலை

டீச்சரம்மா, நானும் வீடு வீடாகப் போய் இந்தப் பெட்டி மாட்டுகிறவன்தான். உங்கள் பதிவைப் படித்த பிறகு, கரன்ட் போனால் இந்த போன் அடிக்காது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

பெட்டியை இன்வெர்ட்டர் பாயின்டுக்கு மாற்றினால் மட்டும் போதாது. நடுவில் தெருவில் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். முழு ஃபைபர் இணைப்பில், ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கத் தெருவில் இருக்கும் பிரிப்பானுக்குக் கரன்டே தேவையில்லை. சில கேபிள்காரர்கள் கம்பத்தில் சுவிட்ச் பெட்டி வைத்து அங்கிருந்து லேன் வயரில் கொடுப்பார்கள். தெருவில் கரன்ட் போனால் அந்தப் பெட்டி படுத்துவிடும், உங்கள் வீட்டில் யூ.பி.எஸ். இருந்தும் பயனில்லை.

நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை என்று நிறைய பேர் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ரவுட்டரில் சிப் ஏ.எல்.ஜி. (SIP ALG) என்ற ஒரு செட்டிங்தான் காரணம், அதை ஆஃப் செய்தால் சரியாகிவிடும். இதற்காகப் பெரிய பிளானுக்கு மாற வேண்டாம். ஒரு அழைப்புக்கு 100 கே.பி.பி.எஸ். வேகம்கூட, அதாவது ஒரு எம்.பி.பி.எஸ்.ஸில் பத்தில் ஒரு பங்குகூட, ஆகாது. வேகத்தைவிட, நெட் விட்டு விட்டு வராமல் சீராக இருப்பதுதான் பேச்சுக்கு முக்கியம்.

எண் விஷயத்தில் ஜாக்கிரதை. செல் எண்ணை 2011 முதல் நாடு முழுக்க எந்தக் கம்பெனிக்கும் மாற்றிக்கொள்ளலாம். 0427 எண்ணுக்கு அந்த வசதி இல்லை. கம்பெனியை விட்டால் எண்ணும் போகும். கடை போர்டில், பில் புத்தகத்தில் அச்சடித்தவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டுவதும் எனக்குப் பிடிக்காது. அமெரிக்காவில் சன்ராக்கெட் என்ற நெட் போன் கம்பெனி 199 டாலருக்கு ஒரு வருடம் என்று முன்பணம் வாங்கிக்கொண்டிருந்தது. 2007 ஜூலையில் ஒரு நாள் கதவை மூடிவிட்டது. 2 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் வேறு கம்பெனி தேடி அலைந்தன. நம்ம ஊரில் புதிதாக யாராவது வந்து வருடத்துக்குக் கட்டினால் பாதி விலை என்றால், மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள்.


அஸ்தம்பட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. தம்பி சொன்னபடி கேபிள்காரரைக் கேட்டேன், தெருவில் கரன்ட் பெட்டி எதுவும் இல்லையாம். வெள்ளைப் பெட்டியை ஹாலில் இன்வெர்ட்டர் பாயின்டுக்கு மாற்றி, ஏற்காட்டுக்காரர் சொன்ன மினி யூ.பி.எஸ்.ஸும் வாங்கி வைத்தோம். 1,400 ரூபாய் ஆயிற்று.

போன ஞாயிறு வீட்டில் எல்லோரும் இருக்கும்போது மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்தோம். ஃபேன் நின்றது. பெட்டியில் பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. என் செல்லை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் வீட்டு எண்ணுக்கு அடித்தேன். ஐந்தாவது மணிக்கு அத்தைதான் எடுத்தார். "கேக்குது கண்ணு. வெயில்ல நிக்காத, கீழ வா" என்றார்.